மருந்து வைத்த கை

மாசிலாமணிக்கு எவளோ மருந்து வைத்துவிட்டாள் என்று பவுனு முடிவு கட்டியது ஒரு தை மாதக் காலையில், குழாயடியில். டில்லிக் குளிரைப் படாதவர்களுக்குச் சொன்னால் புரியாது. எதிரே நிற்பவள் முகம் தெரியாத பனி. தண்ணீரைத் தொட்டால் விரல் தன்னுடையதுதானா என்று சந்தேகம் வந்துவிடும். அந்தப் பனியில் குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வரிசை முழுக்கக் கேட்கும்படி, என் புருஷன் இந்த மாதிரி ஆளே இல்லை, இது மருந்துதான் என்று சொல்லிவிட்டாள். வரிசையில் நின்ற பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். அவர்கள் உச்சுக் கொட்டிவிட்டால் அப்புறம் மேல்முறையீடு கிடையாது.

நாலா என்கிற சாக்கடைக் கால்வாயின் ஓரத்து அந்தக் குடிசை கேம்ப்பில் பாதிப் பேர் கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பக்கத்து ஜனங்கள். மருந்து வைப்பது என்றால் என்னவென்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒருவனை மயக்கித் தன் பக்கம் இழுக்க நினைப்பவள் சோற்றிலோ குழம்பிலோ எதையோ கலந்து கொடுத்துவிடுவாள். அது வயிற்றில் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு அவனுக்குச் சோறு பிடிக்காது, பெண்டாட்டி பிடிக்காது, சொந்த வீடே பிடிக்காது. வைத்ததை எடுப்பதற்கென்றும் ஆட்கள் உண்டு. மருந்து எடுப்பது என்று அதற்குப் பெயர். ஊதி எடுப்பவர், உறிஞ்சி எடுப்பவர், பச்சிலை கொடுத்து வாந்தியாக எடுப்பவர் என்று அதில் பல தினுசு. ஜனங்கள் ரயிலேறி டில்லிக்கு வந்தபோது இதுவும் கூடவே டிக்கெட் வாங்காமல் ஏறி வந்துவிட்டது.

மாசிலாமணிக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் லோடு இறக்கும் வேலை. தெற்கிலிருந்து லாரியில் வரும் பொன்னி அரிசி, தேங்காய், புளி, அப்பளக் கட்டு, கருவாட்டு மூட்டை எல்லாம் அவன் தலை வழியாகத்தான் கடைகளுக்குள் போகும். தலையில் சும்மாடு கட்டி, அதன் மேல் மூட்டையை வாங்கி, சந்துக்குள் ஆட்களை இடிக்காமல் ஒரு வளைவு வளைந்து போவான். வேலை முடிந்து வந்தால் வாசலிலேயே குரல் கொடுப்பான், இன்னிக்கு என்னா கொழம்பு என்று. கருவாட்டு வாசனையும் புளி வாசனையுமாக வருகிறவன், குளிக்காமல் உள்ளே வந்தால் பவுனு விரட்டியடிப்பாள்.

அந்த மனுஷன் தீபாவளிக்குப் பிறகு வேறு ஆளாகிவிட்டான். வருவான், சுவரில் சாய்வான், கண் பாதி மூடிவிடும். கூப்பிட்டால் எங்கேயோ தூரத்தில் இருந்துகொண்டு 'ம்' என்பான். குளிரில் எல்லோரும் ரஜாயைப் போர்த்திக்கொண்டு நடுங்க, இவனுக்கு மட்டும் வியர்க்கும். கையையும் கழுத்தையும் சொறிந்துகொண்டே இருப்பான். களி கிண்டிக் கருவாட்டுக் குழம்பு வைத்தால் பேருக்கு நாலு வாய். ஒரு நாள் இப்படிச் சொக்கிக் கிடந்தால் மறுநாள் உடம்பு முறிகிறது என்று சுருண்டு, பேச்சுக் கொடுத்தாலே எரிந்து விழுவான். பொங்கலன்று முற்றத்தில் நின்றவன் திடீரென்று விழுந்து கை காலை இழுத்துக்கொண்டு, பல்லைக் கடித்துவிட்டான். சாவியைக் கையில் திணித்து, வெங்காயத்தை முகர வைத்து, எப்படியோ தெளிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் ஒரே பிடிவாதமாக மாட்டேன் என்றான். குடி நாற்றம் இல்லை. மருந்தில்லாமல் இது வேறு என்ன, நீங்களே சொல்லுங்கள்.

யமுனைக்கு அந்தப் பக்கம் அய்யாசாமி என்று ஒருவர் இருந்தார். உறிஞ்சி எடுப்பவர். பவுனு புருஷனைக் கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றி அழைத்துப் போனாள். அவனும் என்னவோ எதிர்ப்பே காட்டாமல் வந்தான். ஆஸ்பத்திரிக்கு மாட்டேன் என்று மல்லுக்கட்டியவன் இதற்கு மட்டும் ஏன் பூனையாக வந்தான் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை. அய்யாசாமி அவன் வயிற்றில் மூங்கில் குழலை வைத்து, கன்னம் குழியக் குழிய உறிஞ்சி, கறுப்பாக ஒரு கட்டியைத் துப்பிக் கிண்ணத்தில் போட்டுக் காட்டினார். வெள்ளையாக ஒரு பதார்த்தத்தில் வைத்திருக்கிறாள், ஒரு பெண் கையால் தினமும் வாங்கித் தின்கிறான் என்றும் சொன்னார். ஊரில் எவன்தான் வெள்ளையாக ஏதாவது தின்னாமல் இருக்கிறான். ஆனால் திரும்பி வரும்போது பஸ் பாலத்தைத் தாண்டுவதற்குள் பவுனுக்கு விளங்கிவிட்டது. தயிர்ச் சோறு. மஹாலட்சுமி.

மஹாலட்சுமிக்கு மார்க்கெட்டின் பின் சந்தில் சோற்றுக் கடை. கடை என்றால் ஒரு தள்ளுவண்டி, ரெண்டு பெஞ்சு, மேலே நீலத் தார்ப்பாய். விருதுநகர்ப் பக்கத்துக்காரி. மாசிலாமணியை அண்ணே என்றும் பவுனை மதினி என்றும் கூப்பிடுவாள். மதினியாம், மதினி. நம்ம பக்கம் அண்ணி என்றுதான் சொல்வோம், இவள் சொல்வதே ஒரு தினுசாக இருக்கிறதே என்று பவுனுக்கு முன்பே ஒரு உறுத்தல். சமீபமாக அவள் மாசிலாமணியைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தயிர்ச் சோறு பிசைந்து கொடுக்கிறாள் என்று மார்க்கெட்டுக்குப் போன பெண்கள் வந்து சொல்லியும் இருந்தார்கள். போதாதா? அன்று முதல் பவுனு தூக்குச் சட்டியில் சோறு கட்டிக் கொடுத்தாள். அவள் கையால் ஒரு பருக்கை தின்னக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். மற்ற லோடு ஆட்களின் வீட்டுக்காரிகளிடமும் ஒரு வார்த்தை போட்டு வைத்தாள். ஒரு வார்த்தைதான். கேம்ப்பில் ஒரு வார்த்தை போட்டால் அது சாயங்காலத்துக்குள் ஊர்வலம் போய்விடும்.

இந்த நேரத்தில்தான் சிந்து வந்து சேர்ந்தாள்.

சிந்துவின் அப்பா சர்க்கார் உத்தியோகஸ்தர், கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸ். டில்லியிலேயே பிறந்து வளர்ந்த பெண். லோதி ரோடில் ஒரு ஆபீஸில் வேலை. டில்லியில் புதிது புதிதாக என்னென்ன போதைச் சரக்கு பழக்கத்துக்கு வருகிறது, எங்கே கூடுகிறது, யார் சிக்குகிறார்கள் என்று கண்காணிக்கிற ஆபீஸ் அது. அதற்காகவே விஷயம் தெரிந்த ஆட்களாகப் பிடித்து வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரி டாக்டர்கள், மருந்துக் கடைக்காரர்கள், ஆம்புலன்ஸ்காரர்கள், போதை மறக்க வைக்கும் கிளினிக்குகளில் இருப்பவர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் அவர்களிடமெல்லாம் அறிக்கை வாங்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்து, எச்சரிக்க வேண்டியவர்களை எச்சரிப்பார்கள். கேம்ப்பின் பால்வாடி டீச்சர் கவிதாவும் அப்படி அறிக்கை கொடுப்பவள்தான். அவள் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தாள். அவளைத் தேடி வந்து பூட்டிய கதவைப் பார்த்து நின்ற சிந்து, பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த பவுனுவிடம் பேச்சுக் கொடுத்தாள்.

அந்தப் பெண் இந்தியிலேயே பேசியிருக்கலாம். பவுனுக்கும் டில்லி இந்தி தண்ணீர் பட்ட பாடு. போதைக்கு நஷா என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், எங்கள் வீட்டில் அதெல்லாம் இல்லை என்று முறத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போயிருப்பாள். ஆனால் சிந்துவுக்குத் தன் தமிழைப் பற்றி ஒரு பெருமை. வீட்டில் அம்மாவோடு பேசிப் பழகிய தமிழ், எழுதப் படிக்க வராது. போதைக்குத் தமிழில் என்ன என்று யோசித்து, இங்கிலீஷில் போதைக்கும் மருந்துக்கும் டிரக் என்று ஒரே சொல்தானே என்று தைரியமாக எடுத்து விட்டாள்.

"ஆண்ட்டி, இந்த கேம்ப்ல மருந்து பத்தித் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா? எங்க ஆபீஸ்ல இருந்து அதைத்தான் விசாரிக்கிறோம்."

பவுனு முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். கவர்மெண்டே இதற்கு ஆள் போட்டு விசாரிக்கிறதா! எத்தனை குடும்பம் சீரழிந்திருக்கும், இப்போதாவது கண் திறந்தார்களே என்று அவளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. உள்ளே கூட்டிப்போய்க் கட்டிலில் உட்கார வைத்து இஞ்சி தட்டி டீ போட்டாள்.

"எம் புருசனே இதுல மாட்டிக்கிட்டுத்தான் கெடக்கறாரு பாப்பா. வேற யாருகிட்ட போற நீ?"

சிந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சாரி ஆண்ட்டி. மருந்து யாரு வச்சிருக்கான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்னா? மார்க்கெட்டுப் பின்னால சோத்துக்கட போட்டுருக்காளே ஒருத்தி, அவதான் வச்சிருக்கா."

"அவங்களா? எதுல குடுக்கறாங்க?"

"தயிர்ச் சோத்துல. பெசஞ்சி, கையிலயே குடுக்கறா."

"டெய்லியா?"

"தெனந்தெனம். இப்ப நான் நிறுத்திப்புட்டன்."

"அச்சா. அப்போ அங்கிள் இப்ப மருந்து எடுக்கிறது இல்லையா?"

"எடுத்தமே. வெள்ளிக்கெழம போயி எடுத்தம். ஆத்துக்கு அந்தாண்ட அய்யாசாமின்னு ஒருத்தரு. எடுக்கறதுன்னா அவருகிட்டதான் போவணும். டில்லி பூரா சனம் அங்கதான் வருது."

சிந்துவின் பேனா நின்று மறுபடி ஓடியது. "நீங்களும் கூடப் போனீங்களா?"

"நான்தான கூட்டிம்போனன்."

"எடுத்ததுக்கப்புறம் எப்படி இருந்தாரு?"

"எடுத்த அன்னிக்கிக் கலகலன்னு இருந்தாரு. வுட்டா ஆடுவாரு போல. மக்யா நாளு பாத்தா ஒடம்பு முறியுதுன்னு சுருண்டுட்டாரு. இன்னொருக்கா எடுத்தாத்தான் சரியாவும்னு இருக்கறன்."

இப்படியே போனது பேச்சு. ஒருத்தி கேட்டது ஒன்று, மற்றவள் சொன்னது ஒன்று, இரண்டும் பூட்டும் சாவியுமாகப் பொருந்திக்கொண்டே போனதுதான் வேடிக்கை. கண் சொக்குவது, வியர்ப்பது, சொறிவது, பசி இல்லாதது, பொங்கலன்று கை கால் இழுத்துக்கொண்டது எல்லாவற்றையும் பவுனு ஒன்று விடாமல் சொன்னாள். லோடு தூக்குகிறவர்களில் இன்னும் சில பேருக்கும் இதே சீக்கு, அவர்களும் அங்கேதான் தின்றார்கள் என்றாள். கடைசியில் சிந்து, பயப்படாதீர்கள், யார் பேரையும் நாங்கள் எழுத மாட்டோம் என்று சமாதானம் சொன்னாள்.

"ஏன் எழுத மாட்ட? பேரு போட்டு எழுது பாப்பா. பெருசா எழுது," என்றாள் பவுனு.

இத்தனை நாள் வேலையில் இப்படி ஒரு குடும்பத்தை சிந்து பார்த்ததில்லை. திகைத்துப்போய்த்தான் எழுந்து போனாள்.

பிறகு பத்துப் பதினைந்து நாள் போயிற்று. பவுனு லோதி ரோடு ஃப்ளாட்டுகளில் பாத்திரம் தேய்த்து, சப்பாத்தி இட்டு, துணி மடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஜல்தி ஜல்தி என்று மேம்சாப் கத்துவது காதில் ஏறவில்லை. மனசெல்லாம் மார்க்கெட்டில். தூக்குச் சட்டிச் சோறு பாதிக்குமேல் அப்படியே திரும்பி வந்தது. மருந்து வயிற்றில் வேர் விட்டுவிட்டதோ என்று பயந்தாள். மஹாலட்சுமி கடைக்குத் தமிழ் ஆட்கள் யாரும் போவதில்லை, அடுப்பு பாதி நேரம் அணைந்தே கிடக்கிறது என்று கேள்விப்பட்டபோது மட்டும் ஒரு திருப்தி. அதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும்.

ஒரு மத்தியானம் மேம்சாப் வீட்டில் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. மஹாலட்சுமியின் குரல். அண்ணன் மூட்டையோடு விழுந்துவிட்டார், இழுப்பு நிற்கவில்லை, ஆட்டோவில் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டேன், உடனே வாங்க மதினி என்று மூச்சு வாங்கச் சொன்னாள்.

பவுனு மாவுக் கையோடு ஓடினாள். ஓடும்போதே, முடித்துவிட்டாள், என் புருஷனை முடித்துவிட்டாள் என்று வாய் புலம்பிக்கொண்டே வந்தது. ஆஸ்பத்திரி எமர்ஜென்சி வாசலில் மஹாலட்சுமி நின்றிருந்தாள். சேலை முழுக்க அரிசி, மண், மாசிலாமணியின் வாய் நுரை. கக்கத்தில் அவனுடைய சும்மாட்டுத் துணி. பவுனு போன வேகத்தில் அவள் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டாள்.

"வச்சிட்டியேடி. நல்லா இருப்பியா நீ?"

மஹாலட்சுமி பவுனுவின் கையைப் பற்றி உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

கட்டிலில் மாசிலாமணி கிடந்தான். இழுப்பு நின்றிருந்தது, மூச்சுதான் மெதுவாக, விட்டு விட்டு வந்தது. விழுந்ததில் தோள்பட்டை இறங்கி வீங்கியிருந்தது. நர்ஸ் வலிக்குப் போட ஊசியில் மருந்து நிரப்பிக்கொண்டிருந்தாள். அதற்குள் ஒரு இளவயசு டாக்டர் விரைந்து வந்து, ருக்கோ, ருக்கோ என்று அவள் கையைத் தடுத்தார். இவன் லோடு தூக்குகிறவனா என்று இந்தியில் கேட்டார். ஆமாம் என்றதும், வலிக்கு ஏதாவது கேப்சூல் விழுங்குகிறானா, கடையில் டாக்டர் சீட்டில்லாமல் வாங்கி, தினமும், என்று கேட்டார்.

அப்படியெல்லாம் ஒன்றுமில்லை, இது வேறு, ஒருத்தி சோற்றில் வைத்தது என்று பவுனு ஆரம்பித்தாள். அதற்குள் மஹாலட்சுமி சும்மாட்டுத் துணியைக் கட்டில்மேல் வைத்துப் பிரித்தாள். மடிப்புக்கு உள் மடிப்பில் கேப்சூல் அட்டைகள். பாதி காலி, பாதி முழுசு. டாக்டர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, நர்ஸ் கையில் இருந்த ஊசியை வாங்கி வைத்துவிட்டார். பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. வேறு ஊசி, மூக்கில் குழாய், ஆக்ஸிஜன். இரண்டு பெண்களையும் வெளியே போகச் சொன்னார்கள்.

வெளியே பெஞ்சில் பவுனு உட்கார்ந்தாள். மஹாலட்சுமி பக்கத்தில் உட்காராமல் சுவரோரம் நின்றாள். அவளாகவே சொன்னாள்.

"அண்ணன் ரெண்டு மூணு மாசமா இதை முழுங்குறாக மதினி. வெறும் வயித்துல போடுறதைப் பாத்துட்டேன். சோறு இறங்கல, தயிர் ஊத்திப் பிசைஞ்சு குடுத்தா ரெண்டு வாய் உள்ள போகும்னு கூப்பிட்டுக் குடுத்தேன். மதினிட்ட சொல்லிப்போடுவேன்னேன். எம் பிள்ளை தலைல அடிச்சு சத்தியம் வாங்கிட்டாக. நான் சொல்லியிருக்கணும். என் தப்புத்தான்."

பவுனுவின் கையில் மாவு காய்ந்து வெடித்துக் கிடந்தது. அதை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் சிந்து வந்தாள். கேம்ப்புக்குப் போய் விசாரித்துவிட்டு ஆட்டோ பிடித்து வந்திருந்தாள். வந்ததும் பவுனுவின் முன்னால் குந்தி உட்கார்ந்து, நான் ரொம்பத் தப்புப் பண்ணிட்டேன் ஆண்ட்டி என்றாள். ஆஸ்பத்திரிக் காரிடாரில் அவள் சொன்ன கதையைப் பவுனு முதலில் பாதிதான் புரிந்துகொண்டாள்.

சிந்து அன்று எழுதிய அறிக்கை அவள் பெரிய அதிகாரி சுந்தரேஷ் மேஜைக்குப் போயிருக்கிறது. கும்பகோணத்துக்காரர், ரிட்டயர் ஆகப் போகிறவர். சோற்றில் போதை கலந்து கொடுக்கும் பெண், யமுனைக்கு அந்தப் பக்கம் எல்லோருக்கும் சப்ளை செய்யும் அய்யாசாமி, பெண்டாட்டியே கூட்டிப்போய் எடுக்க வைக்கிறாள் என்பதையெல்லாம் படித்துவிட்டு, அந்தம்மா தமிழில் என்ன வார்த்தை சொன்னாள் என்று கேட்டாராம். சிந்து சொன்னதும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தாராம், டீ கொண்டுவந்தவர் பயந்துபோகும் அளவுக்கு. மருந்து வைப்பது என்றால் என்ன, எடுப்பது என்றால் என்ன என்று அவர் விளக்கியதும் சிந்துவுக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல் இருந்திருக்கிறது. அந்தக் காகிதத்தைக் கிழிக்கப் போனாளாம்.

அவர் கிழிக்க விடவில்லை. சிரிப்பு நின்றுவிட்டதாம். யார் கொடுத்தது என்பதுதான் தப்பு, அந்த ஆள் உடம்பைப் பற்றி அவன் பெண்டாட்டி சொன்னதில் ஒரு வரியும் தப்பில்லையே என்றாராம். வேறு அறிக்கைகளை எடுத்துவரச் சொல்லியிருக்கிறார். எமர்ஜென்சி டாக்டர் ஒருவர், குடிக்காத கூலிக்காரர்கள் வலிப்போடு வருகிறார்கள், காரணம் பிடிபடவில்லை என்று எழுதியிருந்தார். மருந்துக் கடைக்காரர் ஒருவர், மண்டிப் பக்கம் ஒரு வலிக் கேப்சூல் சீட்டில்லாமல் அட்டை அட்டையாகப் போகிறது என்று எழுதியிருந்தார். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. பவுனு சொன்னதை நடுவில் வைத்ததும் ரெண்டும் வந்து சேர்ந்துகொண்டன. சுமை தூக்குபவன் வலிப்போடு வந்தால், வலி ஊசி போடுவதற்கு முன் கேப்சூலைப் பற்றிக் கேளுங்கள், அந்த ஊசியும் கேப்சூலும் ஒரே சரக்கு, மேலே ஏற்றினால் மூச்சு நின்றுவிடும் என்று, மூன்று மாதக் கணக்குக்குக் காத்திருக்காமல், அன்றே எல்லா ஆஸ்பத்திரிக்கும் சொல்லி அனுப்பினார்களாம். சோற்றுக் கடைப் பெண்ணைப் பற்றிய வரியை மட்டும் அவரே தன் கையால் அடித்துவிட்டாராம்.

"நான் தமிழ் சரியாத் தெரியாம எழுதினேன் ஆண்ட்டி. மத்லப், அந்தக் கடை அக்காவுக்கு எவ்வளவு பெரிய பிரச்சினை ஆயிருக்கும். என்னை மன்னிச்சிடுங்க."

பவுனு அந்தப் பெண்ணைப் பார்த்தாள். மெல்ல மெல்லத்தான் உறைத்தது. நர்ஸ் கையில் இருந்த ஊசி. ருக்கோ என்ற குரல். இந்தப் பெண்ணுக்கு நல்ல தமிழ் தெரிந்திருந்தால் அன்றைக்கு டீயைக் குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போயிருப்பாள். ஒரு எழுத்தும் எழுதியிருக்க மாட்டாள்.

"மன்னிக்கறதா? நீ தப்பா எழுதுனதுலதான் கண்ணு அவரு மூச்சு ஓடுது," என்று சொல்லி அவள் ரெண்டு கையையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். காய்ந்த மாவெல்லாம் அந்தப் பெண்ணின் ஸ்வெட்டரில் உதிர்ந்தது. காரிடாரில் போகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மாசிலாமணி மறுநாள் கண் விழித்தான். டாக்டர் வந்து, இதை ஒரேயடியாக நிறுத்தவும் கூடாது, கிளினிக்கில் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், போலீஸ் கீலீஸ் ஒன்றும் வராது, இவன் வியாதிக்காரன், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன திசையைப் பார்த்துப் பவுனு கும்பிட்டாள். பிறகு கட்டிலோரம் உட்கார்ந்து, கேட்கத்தான் வேண்டும் என்று கேட்டாள்.

"சொல்லு. எவ வச்சா?"

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

"எவளும் வைக்கல புள்ள. நானே வச்சிக்கிட்டன்."

அவள் போர்வையை இழுத்து அவன் காலை மூடினாள்.

"தீவாளி லோடுல இடுப்பு புடிச்சிக்கிச்சி. குனிய முடியல. கூட தூக்கறவன் ஒருத்தன் குடுத்தான், இதப் போட்டா மூட்ட பஞ்சாட்டம் ஆயிடும்னு. ஆச்சி. அப்பறம் அது இல்லன்னா வெறும் தேங்கா மூட்டயே தூக்க வரல. தூக்க முடியலன்னா சேட்டு நாளைக்கே வேற ஆள வச்சிப்பான். உங்கிட்ட சொன்னா நீ இன்னும் ரெண்டு வூட்டு வேல புடிப்ப. உங் கையப் பாத்தியா, எப்பிடி வெடிச்சிக் கெடக்குது. மருந்து வச்சிட்டாங்கன்னு நீ சொன்னப்ப, சரி, அப்பிடியே இருக்கட்டும்னு வுட்டுட்டன். அந்தம்மாமேல பழி போவும்னு நெனைக்கல."

பவுனுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. கட்டிய புருஷன் குழல் வைத்து உறிஞ்சவும் வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தானே, இவள் பயப்படுவாளே என்று அந்தப் பொய்யையும் சுமந்திருக்கிறானே. திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். வந்ததெல்லாம், "இருக்கறியே, அது போதும்" என்பதுதான். அதைச் சொல்லி அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுது தீர்த்தாள்.

கிளினிக், வீடு, கிளினிக் என்று குளிர்காலம் கழிந்தது. முதல் வாரங்களில் மாசிலாமணி பட்ட பாட்டை எழுத வேண்டாம். கை கால் குடைச்சலில் சுவரைப் பிறாண்டினான். பவுனு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள், கஞ்சி வடித்துக் கொடுத்தாள், கிளினிக் வரிசையில் அவனுக்காக நின்றாள். மூட்டை இனிமேல் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட, மார்க்கெட்டுக் கடை ஒன்றில் தேங்காய் தரம் பிரிக்க உட்கார வைத்தார்கள். கூலி குறைவுதான். ஒரு சாயங்காலம் வாசலில் நின்று, இன்னிக்கு என்னா கொழம்பு என்று அவன் குரல் கேட்டது. பவுனு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எந்தச் சாமிக்கு என்று தெரியாமல் எல்லாச் சாமிக்கும் ஒரு கும்பிடு போட்டாள். அந்த வரிசையில் லோதி ரோடு ஆபீஸும் ஒன்று.

ஆனால் ஒரு பாக்கி இருந்தது. குழாயடியில் நின்று, மருந்தும் இல்லை ஒன்றும் இல்லை, அது மாத்திரை என்று பவுனு எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தாள். பெண்கள் தலையாட்டினார்கள். புருஷன்மார்களை மட்டும் அந்தக் கடைக்கு விடவில்லை. போட்ட வார்த்தை ஊர்வலம் போவது சுலபம், திரும்பிக் கூப்பிட்டால் வருவதில்லை. மஹாலட்சுமி வண்டியை விற்றுவிட்டு ஊருக்குப் போகப் போகிறாள் என்று பேச்சு அடிபட்டது.

பங்குனி பிறந்து வெயில் ஏற ஆரம்பித்த ஒரு நாள், சரியாகச் சாப்பாட்டு நேரத்தில், பவுனு மார்க்கெட்டுப் பின் சந்துக்குப் போனாள். லாரி வந்திருந்தது. லோடு ஆட்கள் நிழலில் உட்கார்ந்து தூக்குச் சட்டிகளைத் திறந்துகொண்டிருந்தார்கள். நீலத் தார்ப்பாயின் கீழே பெஞ்சு ரெண்டும் காலி. மஹாலட்சுமி ஈ ஓட்டிக்கொண்டு நின்றாள். பவுனு போய் முன் பெஞ்சில், எல்லோருக்கும் தெரியும்படி, சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"சாப்பாடு போடு," என்றாள்.

மஹாலட்சுமி தட்டைக் கழுவி, கரண்டியால் எடுத்துச் சாம்பார்ச் சாதம் போட்டு, கை படாமல் நீட்டினாள். பவுனு தட்டை வாங்கவில்லை.

"கரண்டி வாணாம். பெசஞ்சி குடு."

"எங் கையாலயா மதினி?"

"பின்ன யார் கையால?"

எதிரே தூக்குச் சட்டியில் கை வைத்தவர்கள் அப்படியே இருந்தார்கள். மஹாலட்சுமி கையைக் கழுவினாள். கழுவிய கையை இன்னொரு தரம் கழுவினாள். சாதத்தைப் பிசைந்து உருட்டும்போது அவளுக்குக் கண்ணீர் கன்னத்தில் ஓடியது. அதைத் துடைக்கக் கை இல்லை. பவுனு தன் முந்தானையை எடுத்து அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, வெடித்துப்போன தன் வலது கையை ஏந்தினாள்.

"வையி," என்றாள், சந்து முழுக்கக் கேட்கும்படி. "நல்லா வையி. அவரு உசிர வச்ச கைதான அது."

வாங்கி வாயில் போட்டு, எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துக்கொண்டே மென்று விழுங்கினாள். காரம் கொஞ்சம் தூக்கல். விருதுநகர்க் கை அப்படித்தான் இருக்கும். கையை மறுபடியும் ஏந்தினாள்.